பின்படகில் ஏறாதே

என் கண்ணு, அம்மா எழுதுகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், உன் அத்தை வாயோடு இருக்கிறார், வீடு நின்ற இடத்தில் நிற்கிறது. அங்கே நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மற்றதைப் படிக்கிறாயோ இல்லையோ இதை முதலில் படி. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அந்த ஜனங்கள் உன்னைப் படகில் கூட்டிப் போவதாக எழுதியிருந்தாயே, அதில் ஏறாதே. உடம்பு சரியில்லை என்று சொல், அம்மா பயப்படுகிறாள் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல், ஏறாதே. ஏன் என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே ஏன் என்று கேட்காமல் நீ ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை, உன் அப்பா உன்னை அப்படி வளர்த்தார், அதனால் ஏன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும். எழுத்து மேலும் கீழும் ஓடுகிறதே என்று சிரிக்காதே, அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவளுக்கு இதைவிட நேராக வராது.

உன் இரண்டாவது கடிதம் கைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளாக உன் போனுக்கு அடித்து அடித்து விரல் மரத்துப் போனது, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அவள் குரலைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. கீழ்வீட்டுக் குமாஸ்தாவை விட்டு உன் கம்பெனிக்குப் பேசச் சொன்னேன், லீவில் போயிருக்கிறாள், மாதம் முடிந்துதான் வருவாள் என்றார்களாம். அப்புறம், நீ போயிருக்கும் கரையில் உனக்குப் பேச்சு மொழிபெயர்த்துச் சொல்கிற டீச்சரம்மாவின் பள்ளிக்கூட நம்பரை உன் கடிதத்திலிருந்து எடுத்து அதற்கும் அடித்தோம். யாரோ ஒரு ஆள் எடுத்து அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். எனக்கு வேறென்ன தெரியும், உன் பேரைச் சொன்னேன். சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. போனை வைக்கவில்லை, மூச்சு விடுவது கேட்டது, பின்னால் பிள்ளைகள் பாடம் சொல்லும் சத்தம் கேட்டது. இன்னொரு தரம் சொன்னேன். மெதுவாக வைத்துவிட்டார்கள். அப்புறம் அடித்தால் அந்த நம்பரும் எடுக்கவில்லை. தபாலில் போட்டால் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள், அதனால் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறாரே அப்பாவின் கூட்டாளி, நீ கரண்டி மாமா என்று கூப்பிடுவாயே, அவரிடம் கொடுக்கிறேன். கப்பல் நாளைக் காலை பதினாறாம் தேதி கிளம்புகிறது, ஒன்பது நாளில் உனக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் நிற்கும், அங்கிருந்து பஸ்ஸில் ஒரு நாள். டீச்சரம்மா வீட்டுக்கு அவரே வந்து உன் கையில்தான் கொடுப்பார். முப்பது வருசமா கப்பல்ல சோறாக்குறேன் அண்ணி, ஒருத்தர் எனக்கு ஒரு லெட்டர் போட்டதில்ல, அடுத்தவங்க லெட்டரையாவது தூக்கிட்டுப் போறேனே என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அப்பா போய் இன்றோடு அறுபத்திரண்டு நாள். நீ வர முடியவில்லை என்று உள்ளுக்குள் அழுதுகொண்டிருப்பாய், எனக்குத் தெரியும், அதைப் பற்றி நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நீ காதில் வாங்காதே. அத்தை தன் பெட்டியோடு வந்து இங்கேயே தங்கிவிட்டார், என் தம்பி வீட்டுல நான் இல்லாம யாரு இருப்பா என்கிறார், இருக்கட்டும், இல்லாவிட்டால் இந்த இரண்டு அறையில் நான் சுவரோடுதான் பேச வேண்டும். நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் ஒன்றும் மாறவில்லை, அதே நீராவி, அதே வெள்ளை விரிப்புகள், எங்கள் சூப்பர்வைசர் விசிலம்மாவுக்கு அதே விசில் மூச்சு. அப்பா துறைமுகத்தில் கயிறு கட்டும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கால்சட்டை ஒன்றை யாருக்கும் தெரியாமல் அங்கே எடுத்துப் போய் ஆஸ்பத்திரி விரிப்புகளோடு மூன்று தடவை மெஷினில் போட்டேன், கயிற்று மசகு போகவே இல்லை, தொடையில் கறுப்பாக அப்படியே நிற்கிறது. போகாததில் எனக்கு ஒரு நிம்மதி. இதையெல்லாம் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போய்விடும், விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா இருக்கும்போதே உன் முதல் கடிதம் வந்ததே, கூட வேலை செய்கிறவர்களோடு லீவுக்குப் போன கரையில் நம்ம அப்பா மாதிரியே ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அங்கிருந்து தொடங்குகிறது. அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன், அவரால் அப்போது தலையணையை விட்டு எழுந்திருக்க முடியாது, பாதி மூச்சில்தான் பேச்சு. அங்கே பாதிப் பேருக்குச் சுண்டு விரல் உள்பக்கம் வளைந்திருக்கிறது, அப்பாவுக்கு மாதிரி, எனக்கு மாதிரி என்று எழுதியிருந்தாய். ஆம்பளைகள் தூங்கும்போது முழங்கையை மடித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கேட்கக் கேட்க அப்பா முகத்தில் ரத்தம் ஏறியது, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் சிரித்தார், பாத்தியா உன் பொண்ணு எங்க ஊரையே கண்டுபிடிச்சிட்டா என்றார். உன் அத்தை சொல்லும் கதைதான் எல்லோருக்கும் தெரியுமே, அப்பாவின் கொள்ளுத்தாத்தாவும் அவர் அண்ணனும் பிழைப்பு தேடி இரண்டு படகில் கிளம்பினார்கள், நடுக்கடலில் புயல் வந்து கயிறு அறுந்தது, அண்ணன் படகு போயே போய்விட்டது, தம்பி மட்டும் அழுதுகொண்டே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார் என்று. எந்தக் கரையிலிருந்து கிளம்பினார்கள் என்று இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. படகு கட்டுகிற விதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது அப்பா, தூணில் இரண்டு சுற்று, கட்டைவிரலைச் சுற்றி ஒரு மடிப்பு, அப்படியே நம்ம கட்டு, கடைசியில் மட்டும் கொஞ்சம் வேறு என்று எழுதியிருந்தாய். கடைசியில் என்ன வேறு என்று அப்பா கேட்டார். அவர்கள் நுனியை முழுக்க உள்ளே விட்டு மேலே சன்னக் கயிறு சுற்றிவிடுகிறார்கள், அவிழ்க்க முடியாது, அவசரம் என்றால் வெட்டத்தான் வேண்டும் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். அவர் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

கடிதத்தோடு ஒரு போட்டோ வைத்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா, ஒரு பெரிய வீட்டுக்குள் பதினைந்து இருபது பேர், நடுவில் நீ. முன்வரிசை எல்லாம் பல் தெரியச் சிரிக்கிறது. அப்பா கண்ணாடி கேட்டார், போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். உன்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் உன்னைப் பார்க்கவில்லை. உங்கள் தலைக்கு மேலே சுவரில் ஆணியில் ஒரு கறுத்த கயிறு சுருட்டி மாட்டியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு இடத்தில் துணி சுற்றியிருக்கிறது, நிறம் போன பழைய துணி. அந்தத் துணியில் விரலை வைத்தார், அப்புறம் கயிற்றின் நுனிக்கு விரலைக் கொண்டு போனார். நுனியப் பாரு, பிஞ்சிருக்கா, அறுந்திருக்கா, பாரு என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நல்லாத்தாங்க இருக்கு, முழுசா இருக்கு என்றேன். போட்டோவைக் குப்புற வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை வெளியே போயிருந்தபோது என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "கயிறு அறுந்துபோகல. அவர் விட்டுட்டார்" என்றார். அண்ணன் படகுக்குப் பாய் கிடையாது, பழைய படகு, அதனால் தம்பி படகுக்குப் பின்னால் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போனார்களாம். பின்படகில் அண்ணன், அவர் பெண்டாட்டி, பிள்ளைகள், இரண்டு சகோதரர்களையும் பெற்ற தாய், எல்லாம் சேர்த்துப் பதினொரு பேர். கயிறு படகு விளிம்பில் உரசித் தேயக்கூடாது என்று அண்ணன் பெண்டாட்டி தன் துணியைக் கிழித்து அந்த இடத்தில் சுற்றிக் கொடுத்தாளாம். புயலில் பின்படகில் தண்ணீர் ஏறியது, அது முன்படகையும் சேர்த்து இழுத்தது, கொள்ளுத்தாத்தா கயிற்றை விட்டார். நான் சொன்னேன், உயிருக்குப் பயந்து அந்த நேரத்தில் வெட்டியிருப்பார், யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள் என்று. அப்பா தலையை ஆட்டினார். "வெட்டியிருந்தா நான் ஏன் மறைக்கப் போறேன். கரையில வச்சுக் கட்டும்போதே ஒரே இழுப்புல அவுர்ற மாதிரி கட்டியிருந்தார். கெளம்புறதுக்கு முன்னாடியே" என்றார். நம்ம கட்டு நம்ம கட்டு என்று இத்தனை பெருமையாகச் சொல்கிறோமே, அது அன்றைக்குத்தான் பிறந்தது. அதற்கு முன்னால் அந்த ஜனங்களில் ஒருத்தருக்கும் அப்படிக் கட்டத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இது சொல்லப்பட்டு வந்திருக்கிறது, மகன் இல்லாததால் மகளிடம் சொல்லலாமா கூடாதா என்று இருபது வருடமாக யோசித்தாராம். அத்தைக்குத் தெரியாது. அந்தப் பின்படகு அப்படியே முழுகிப் போய்விட்டது என்றுதான் இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போட்டோவில் அந்தத் துணியைப் பார்த்ததும்தான் அப்பாவுக்குத் தெரிந்தது, படகு திரும்பிப் போயிருக்கிறது, காலியாகவோ கவிழ்ந்தோ, பின்னால் கயிற்றை இழுத்துக்கொண்டு, நுனி முழுசாக. அவங்க அந்த நுனியப் பாத்துக்கிட்டே நூறு வருசம் உக்காந்திருக்காங்க, எப்படி அவுந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியல, இவ போய்த் தெரியப்படுத்திடுவா, எழுதிடு, கட்டக்கூடாதுன்னு எழுதிடு என்றார். நாளைக்கு எழுதலாம், இப்போது தூங்குங்கள் என்றேன். அதற்கு அப்புறம் மூச்சு ரொம்ப மோசமாகிவிட்டது, எந்த நாளும் எழுதுகிற நாளாக இருக்கவில்லை. அவர் போன பிறகு நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இது என் தப்பு, வேறு யார் தப்பும் இல்லை. செத்துப்போன மனிதர் சொன்ன வார்த்தை, அதைக் காகிதத்தில் வைத்தால் அவர் பேர் கெட்டுப்போகும் என்று நினைத்தேன், நீ உன் கம்பெனி வேலையில் இருக்கிறாய், மறுபடி அந்தக் கரைக்கு எங்கே போகப் போகிறாய் என்றும் நினைத்துக்கொண்டேன். ஆனால் என் கைக்குத் தெரிந்திருந்தது. சலவைக் கூடத்தில் பத்து விரிப்புக்கு ஒரு கட்டு, முப்பது வருடமாக நான் அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரிதான் கட்டுகிறேன், வார்டுக்காரர்கள் ஒரு இழு இழுத்தால் பிரியும், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். இப்போது கட்டைவிரல் மடிப்பு வரைக்கும் போய் கை நின்றுவிடுகிறது. விசிலம்மா பின்னால் வந்து நின்று, என்ன ஆச்சு உனக்கு, கயிறு என்ன கடிக்குதா என்று கேட்டாள்.

நீ அங்கே மறுபடி போனது எனக்கு உன் இரண்டாவது கடிதம் வந்துதான் தெரியும். அப்பாவுக்காக அழ அங்கே கூடப்பிறந்த மாதிரி இத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களோடு உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது, அப்பா போட்டோவை எடுத்துக்கொண்டு போனேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து நான் அழுதேன், உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் நீ சந்தோஷமாக எழுதியிருப்பதை எல்லாம் நான் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. நீயே திருப்பிப் பார். அந்த வீட்டு வாசல் தூணில் அப்பாவின் கட்டைப் போட்டுக் காட்டினேன், வாலை இழுத்ததும் மொத்தமும் கையோடு வந்தது, எல்லோரும் பேச்சில்லாமல் நின்றுவிட்டார்கள், மனசு நெகிழ்ந்துவிட்டது போல என்று எழுதியிருக்கிறாய். நெகிழ்ந்த மனசு யாராவது ஒருத்தர் கண்ணையாவது துடைத்திருக்காதா. அந்த வீட்டுப் பெரியவர் மறுபடி ஒரு தடவை மெதுவாகக் கட்டிக் காட்டச் சொன்னார், பிறகு மூன்றாவது தடவையும் சொன்னார், வெளியே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆம்பளைகளையும் உள்ளே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப வயதான ஒரு அம்மாள் சுவரில் இருந்த கயிற்றை இறக்கி அதன் நுனியை உன் உள்ளங்கையில் வைத்து ஏதோ கேட்டாள், டீச்சரம்மா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை, வயசானவங்க பேச்சு என்று சொல்லிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த அம்மாள் என்ன கேட்டிருப்பாள் என்று பாஷை தெரியாத எனக்கே தெரிகிறது. அதற்கு அப்புறம் உன்னிடம், நீ ஒருத்திதானா, கூடப்பிறந்தவர்கள் இல்லையா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்களாம், ஆமாம் நான் ஒருத்திதான், எங்கள் அப்பாவுக்கும் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை என்று மூன்று பேருக்கும் சொன்னாயாம். டீச்சரம்மா எப்போது ஊருக்குப் போகிறாய், வெள்ளிக்கிழமை பஸ் இருக்கிறது என்று தினமும் கேட்கிறாள், என்னை வைத்துக்கொண்டு அலுத்துவிட்டது போல என்று சிரித்து எழுதியிருக்கிறாய். கண்ணு, அவள் அலுத்துப் போய்க் கேட்கவில்லை. கடைசியில் எழுதியிருக்கிறாய், பழைய படகு போன வழியை எனக்குக் காட்டப் போகிறார்கள், இரண்டு படகு, நடுவில் கயிறு, முன்படகில் அவர்கள் எல்லோரும், பின்படகில் நான் மட்டும் தனியாக, விருந்தாளிக்கு எத்தனை மரியாதை பார் என்று.

இந்த வரியை அத்தையிடம் படித்தபோது அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை, என் தம்பி பொண்ணுக்குத் தனிப் படகாம் என்று கீழ்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு வழி இல்லை. செத்தவன் பேச முடியாதுன்னு அவன் வாயில எதை வேணும்னாலும் வைக்கிறியா என்றார். எங்க குடும்பத்துக் கதையை எனக்கே சொல்லித்தர்றியா, நேத்து வந்தவ என்றார். நேத்து வந்து முப்பத்தொரு வருசம் ஆச்சு அண்ணி என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுத்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார், முகம் ஒரு நாளில் பத்து வயது கூடியிருந்தது. எங்கப்பா, தாத்தா, தம்பி, மூணு தலைமுறையா துறைமுகத்துல கயிறு பிடிச்சிருக்காங்க, ஒருத்தர்கூட ஒரு நாளும் படகுல கால் வச்சதில்ல, எங்களையும் ஏற விட்டதில்ல, சின்னப் புள்ளையில கேட்டா அடிதான் விழும், நான் என்னமோ தண்ணிக்குப் பயம்னு நெனச்சிருந்தேன் என்றார். அதுதான் அவர் ஒத்துக்கொண்டது. அதற்கு அப்புறம் அவருக்கு என்னைவிடப் பயம் வந்துவிட்டது. யாருகிட்டயும் சொல்லாம கிடைச்ச பஸ்ஸுல ஏறி ஓடி வரச் சொல்லு, மானம் போனாப் போகுது, புள்ள வேணும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மானம் என்ற சொல்லை அவர் வாயால் அப்படி விட்டுக்கொடுத்து நான் கேட்டதே இல்லை.

நானும் முதலில் அதைத்தான் எழுதுவதாக இருந்தேன். ஓடி வா என்று ஒரு வரி எழுதி, காகிதத்தை மடித்தும் விட்டேன். அப்புறம் நேற்று முழுக்க மெஷின் பக்கத்தில் நின்று யோசித்தேன். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்த இடத்தைக் காட்டிவிட்டு உன்னைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பின்படகில் உட்கார்ந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்குக் காட்டினால் போதும் என்று நினைத்திருக்கலாம். இல்லை, அங்கே போய்க் கயிற்றை விட்டுவிடலாம். இரண்டில் எது என்று அவர்களுக்கே இன்னும் தெரியாமலும் இருக்கலாம், கடலில் போன பிறகுதான் கைக்குத் தெரியும். அதனால்தான் ஏறாதே என்கிறேன். ஆனால் சொல்லாமல் ஓடியும் வராதே. நீ ஓடி வந்தால், அந்தக் குடும்பம் இரண்டாம் தடவையும் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று ஆகிவிடும், அதை அவர்கள் இன்னொரு நூறு வருடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதோடு நீ வாழ முடியாது, உன்னை எனக்குத் தெரியும். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன், படித்தவள் நீ, இதைவிட நல்லதாகத் தோன்றினால் அப்படிச் செய். டீச்சரம்மா வீட்டை விட்டு வேறு எங்கும் தங்கப் போகாதே, அவள் நல்லவள். கப்பல் அந்தத் துறைமுகத்தில் ஐந்து நாள் நிற்குமாம், அதனால் கரண்டி மாமா இரண்டு நாள் உன்னோடு அங்கேயே இருப்பார், எல்லாம் சொல்லியிருக்கிறேன், பாஷை தெரியாவிட்டாலும் நிற்கிற நிற்பிலேயே நாலு பேர் யோசிப்பார்கள். பகல் நேரத்தில், அந்த வீட்டு வாசலிலேயே, பெரியவரையும் அந்த வயதான அம்மாளையும் உட்கார வைத்துச் சொல்லிவிடு. கயிறு அறுந்துபோகவில்லை என்று சொல். கிளம்பும் முன்பே அப்படிக் கட்டியிருந்தார் என்று சொல். பதினொரு பேர் என்ற கணக்கு எங்கள் வீட்டில் மறக்கவில்லை என்று சொல். எங்கள் அப்பா இதைச் சொல்லும்போது அழுதார் என்றும் சொல், அது பொய் இல்லை. ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்க்கச் சொல், அவள் தயங்கினால் இந்தக் காகிதத்தையே அவளிடம் காட்டு. நீ சொல்லி முடித்த பிறகு அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள், பதில் பேசாதே. கையை ஓங்கினால் மட்டும் மாமாவோடு கிளம்பிவிடு.

அதோடு இன்னொன்றும் சொல். இருபத்தெட்டாம் தேதி வேண்டாம், என் அம்மா வருகிறாள் என்று சொல். ஆமாம், நான் வருகிறேன். குமாஸ்தாதான் பாஸ்போர்ட்டுக்கு எல்லாத் தாளும் பூர்த்தி செய்தார், எதற்காகப் பயணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், சுற்றுலான்னு போட்டுடட்டுமா அக்கா என்று கேட்டார், புருஷன் வீட்டு உறவுக்காரங்களைப் பார்க்க என்று போடச் சொன்னேன். விசிலம்மாவிடம் இரண்டு மாத லீவு கேட்டேன், இந்த வயசுல எந்த ராஜா கூப்பிட்டு விட்டார் உன்னை என்றாள், ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். கரண்டி மாமாவின் கப்பல் திரும்பி வந்து அடுத்த நடை போகும்போது எனக்கும் இடம் பேசியிருக்கிறது. அத்தை நானும் வருவேன் என்று நிற்கிறார், அவர் அந்த ரத்தம், அவர் வரக்கூடாது, நீயும் அந்த ரத்தம்தான். நான் இல்லை. நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள், அன்றைக்கு விட்டவர்களுக்கும் சொந்தமில்லை, விடப்பட்டவர்களுக்கும் சொந்தமில்லை, ஆனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மனுஷன் பிறந்தான், அவனோடு முப்பத்தொரு வருடம் வாழ்ந்திருக்கிறேன், அது போதும். அந்த வழியை யாருக்காவது காட்டித்தான் தீர வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் எனக்குக் காட்டட்டும். பின்படகில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நீ கரையில் நின்றுகொள். கயிற்றை அவர்களே கட்டட்டும், எப்படிக் கட்டினீர்கள் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடு, கெட்ட கண் படாமல், பேரும் பிள்ளைகளுமாக நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் எங்கிருந்தாலும் அதையேதான் சொல்வார். கடற்காற்றில் ஈரத் தலையோடு நிற்காதே, உனக்கு உடனே தொண்டை கட்டிக்கொள்ளும். இதைப் படித்து முடித்ததும், ஏறவில்லை என்று ஒரே ஒரு சொல் எழுதி மாமாவிடம் கொடுத்துவிடு, துறைமுகத்துக்குத் திரும்பியதும் அவர் எனக்குப் போன் செய்வார், அவரிடம்தான் அந்தச் சொல்லைக் கேட்கப் போகிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா